சீமைக் கருவேலம் பெருகினால் காடு பெருகியதாகக் கணக்கு!

2024 டிசம்பர் 21 அன்று டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சர் பூபேந்தர் யாதவ் ‘இந்திய வனநிலை அறிக்கை 2023’ஐ வெளியிட்டார். நாட்டின் வனப்பரப்பும் மரப்பரப்பும் சேர்ந்து 8,27,357 சதுர கிலோமீட்டர். மொத்த நிலப்பரப்பில் 25.17 விழுக்காடு, 2021ஆம் ஆண்டு அறிக்கையோடு ஒப்பிட 1,445 சதுர கிலோமீட்டர் கூடுதல். ஆட்சியாளர்களின் சாதனைப் பட்டியலில் இந்த எண் உடனே ஏறிக்கொண்டது. அந்த 1,445இல் வனப்பரப்பின் பங்கு வெறும் 156 சதுர கிலோமீட்டர்தான் என்பதும், எஞ்சிய 1,289 வயல் வரப்புகளிலும் தோப்புகளிலும் சாலையோரங்களிலும் நிற்கும் மரங்களின் கணக்கு என்பதும் அந்தப் பட்டியலில் ஏறவில்லை.

நாம் இங்கே பேச எடுத்துக்கொள்வது அதைவிடச் சிறிய ஓர் எண். வனப்பரப்பு மிகுதியும் கூடிய மாநிலங்களின் வரிசையில் 242 சதுர கிலோமீட்டருடன் மிசோரம் முதலிடம் பெற்றது. 180 சதுர கிலோமீட்டருடன் குஜராத் இரண்டாமிடம் பெற்றது. இந்தியா முழுமைக்கும் நிகரமாகக் கூடிய வனப்பரப்பைவிடக் குஜராத் ஒன்றிலேயே கூடியது அதிகம். வறட்சிக்கும் உப்பு நிலத்துக்கும் பெயர்பெற்ற மாநிலத்தில் இரண்டே ஆண்டில் முளைத்த இந்தக் காடு எது? தேக்கா, வேம்பா, அலையாத்தியா, அல்லது நாம் சீமைக் கருவேலம் என்றும், கச்சு மக்கள் ‘காண்டோ பாவள்’, அதாவது பைத்தியக் கருவேலம், என்றும் அழைக்கும் அந்த முள்மரமா? வனப்பரப்பு வரைபடத்திலிருந்து இதற்கு விடை பெற முடியாது. என்ன மரம் என்று அந்த வரைபடம் கேட்பதே இல்லை.

இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனத்தின் வரையறை இதுதான்: ஒரு ஹெக்டேரோ அதற்கு மேலோ பரப்புள்ள நிலத்தில் மரக்கவிகை பத்து விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, சட்டப்படி அதன் நிலை என்ன, மரம் எந்த இனம் என்பவை பொருட்டல்ல. தென்னந்தோப்பும் காடு, மாந்தோப்பும் காடு, காபித் தோட்டத்தின் நிழல் மரங்களும் காடு. இவ்வளவு மட்டும் என்றால் புள்ளிவிவரப் பெருக்கம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் ஒரு நிலத்தை நாசமாக்கிக்கொண்டு பரவும் மரத்தையும் அதே பத்தியில் வரவு வைக்கும்போது கணக்கின் தன்மையே மாறிவிடுகிறது. நோயைக் குணம் என்று எழுதும் மருத்துவக் குறிப்பேட்டை என்னவென்று சொல்வது?

ஆக்கப்பட்ட நிலமும் ஆக்கிய கேடும்

குஜராத்தின் கச்சு மாவட்டத்தில், பெரிய ரண் எனப்படும் உப்புப் பாலைக்குத் தெற்கே, சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடப்பது பன்னிப் புல்வெளி. (தமிழ்க் காதுக்கு இப்பெயர் வேறொன்றை நினைவூட்டக்கூடும். ஆறுகள் கொணர்ந்த வண்டலால் ‘ஆக்கப்பட்டது’ என்னும் பொருளில் கச்சு மொழியில் அமைந்த பெயர் என்பர்.) ஆசியாவின் பெரிய புல்வெளிகளில் ஒன்றாக இதைக் கருதுகிறார்கள். ஏறத்தாழ 50 சிற்றூர்களில் மால்தாரிகள் எனப்படும் கால்நடை வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். பெரும்பான்மையோர் இசுலாமியர், மேக்வால் தலித் மக்களும் உண்டு. இரவெல்லாம் தானாக மேய்ந்து விடியலில் பால் கறக்க வீடு திரும்பும் பன்னி எருமை இவர்களின் படைப்பு. 2010இல்தான் அரசு அதைத் தனி இனமாக ஏற்றது. காங்கரேஜ் மாடுகளுக்கும் இந்தப் புல்வெளியே தாய்மடி. தமிழ் படித்தோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஆயரும் ஆநிரையும் மேய்ச்சற்புறமும் சேர்ந்ததே முல்லை. மரமடர்ந்த காட்டை மட்டுமே இயற்கை என்று எண்ணும் பழக்கம் நம் மரபில் இல்லை. அது வெள்ளைக்கார வருவாய்த்துறையும் மரவியாபார வனத்துறையும் நமக்குக் கற்றுக்கொடுத்தது.

அந்த வருவாய்த்துறை வரி தராத நிலத்துக்கு வைத்த பெயர் ‘தரிசு’. பன்னி 1955இல் வனச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. எல்லை அளக்கப்படவில்லை, மக்களின் உரிமைகள் தீர்த்து வைக்கப்படவில்லை. 1960-61இல், உப்புப் பாலை தெற்கே நகர்வதைத் தடுப்பதாகச் சொல்லி, சுமார் 31,550 ஹெக்டேரில் வனத்துறை சீமைக் கருவேலத்தை விதைத்தது. உப்பு கூடியதற்கு ஒரு காரணம் வேறிடத்தில் இருந்தது. புஜ் குன்றுகளிலிருந்து வடக்கே பாய்ந்து பன்னியின் உப்பைக் கழுவிச் சென்ற ஆறுகளின் குறுக்கே அணைகள் எழுந்தன. ஆற்றைத் தடுத்துவிட்டு அதன் விளைவுக்கு மரத்தை மருந்தாக வைத்தார்கள். மருந்து நோயைவிட வேகமாகப் பரவியது.

எவ்வளவு வேகமாக? 1980களின் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு, ஆண்டுக்குச் சுமார் 25 சதுர கிலோமீட்டர் என்று கணித்தது. இன்று பன்னியில் ஏறத்தாழப் பாதியை இம்மரம் பிடித்துவிட்டது என்பதே பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. இந்த ‘ஏறத்தாழ’ என்னும் சொல்லைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். நிலவுக்குக் கலம் அனுப்பிய நாடு, ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளைச் சொந்தமாக இயக்கும் நாடு, தன் அரசே விதைத்த ஒரு மரம் அறுபது ஆண்டில் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று ஆண்டுதோறும் வெளியிடும் ஒரு பதிவேட்டை வைத்திருக்கவில்லை. ஆய்வுக்கு ஆய்வு எல்லை வேறு, முறை வேறு, ஆண்டு வேறு, விடையும் வேறு. ஒரு குழு ஆய்வேட்டுக்காக அளக்கிறது. அடுத்த குழு பத்தாண்டு கழித்து வேறு அளவுகோலோடு வருகிறது. தொடர்ச்சியாக அளக்க வேண்டிய அரசோ மரத்தை மரம் என்று மட்டும் எண்ணி நகர்ந்துவிடுகிறது.

செயற்கைக்கோளுக்குத் தெரிவதும் எருமைக்காரருக்குத் தெரிவதும்

“இனம் பிரித்து அளப்பது தொழில்நுட்ப ரீதியில் கடினம்” என்பது வழக்கமான சமாதானம். இதைச் சற்று நின்று பார்ப்போம்.

வனநிலை அறிக்கைக்குப் பயன்படும் படங்களில் ஒரு புள்ளி என்பது தரையில் 23.5 மீட்டர் நீள அகலமுள்ள சதுரம். அதாவது சுமார் 550 சதுர மீட்டர். மழைக்குப் பிந்திய மாதங்களில், இலை நிறைந்திருக்கும்போது எடுத்த படங்கள் பயன்படுத்தப்படுகின்றன. மரம் உண்டா இல்லையா என்று பார்க்க அந்தப் பருவம் ஏற்றது. ஆனால் சீமைக் கருவேலத்தைப் பிரித்தறிய வேண்டுமானால் கோடைப் படமும் வேண்டும். பன்னியின் புல் காய்ந்து வெளுத்துக் கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களிலும் பச்சையாக நிற்பது இந்த மரம். இரு பருவப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், கோடையிலும் பசுமை மாறாத இடங்கள் தாமே எழுந்து நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சென்டினல் செயற்கைக்கோள்கள் சில நாட்களுக்கு ஒருமுறை பத்து மீட்டர் துல்லியத்தில் எடுக்கும் படங்கள் உலகம் முழுமைக்கும் இலவசம். பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தம் கணினியில் செய்யக்கூடிய வேலை இது. எனவே கடினம் என்பது காரணமாகாது.

உண்மையான தொழில்நுட்ப வரம்பு வேறிடத்தில் இருக்கிறது. பரவலின் தொடக்கத்தில் இம்மரம் முழங்கால் உயரக் கன்று. ஒரு ஹெக்டேரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் கன்றுகளை எந்தச் செயற்கைக்கோளும் எளிதில் காணாது. நெற்று இனிப்பானது, மாடும் எருமையும் விரும்பித் தின்னும், விதை சாணத்தோடு வெளியேறும், குடலைக் கடந்து வந்த விதை விரைவாக முளைக்கும். ஆகவே புதிய பரவல் மந்தை நடக்கும் தடங்களிலும், தண்ணீர் குடிக்கும் இடங்களிலும், இரவு தங்கும் பட்டிகளிலும் தொடங்குகிறது. பிடுங்கி எறிய ஒரு மனிதரின் இரு கைகள் போதுமான அந்தப் பருவத்தில் அதைப் பார்க்கக்கூடியவர் யார்? நாள்தோறும் அந்தத் தடத்தில் நடப்பவர். மால்தாரிக்குத் தெரிந்த இந்தத் தகவலுக்கு அரசின் படிவத்தில் கட்டம் இல்லை. அவருடைய மொழியில் புல்வகை ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, மண்ணின் உப்புக்குத் தரம் உண்டு. டேராடூனின் வரைபடத்தில் அவருடைய நிலத்துக்கு இருப்பவை ‘வனம்’, ‘புதர்’, ‘வனமல்லாதது’ என்ற சில வண்ணங்கள் மட்டுமே.

இப்போது வரையறையோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். கவிகை 1,000 சதுர மீட்டரை எட்டும்வரை அங்கே வனம் இல்லை. புல்வெளி அழிந்துகொண்டிருக்கிறது என்ற பதிவும் இல்லை. 1,000ஐத் தாண்டிய அன்று, அந்தப் புல்வெளி கையை விட்டுப் போன அன்று, அறிக்கையில் ஒரு ஹெக்டேர் வனம் பிறக்கிறது! இதன் மறுபக்கம் இன்னும் கொடுமையானது. நேர்மையான ஓர் அதிகாரி மக்களோடு சேர்ந்து ஆயிரம் ஹெக்டேரில் இம்மரத்தை வேரோடு அகற்றிப் புல்லை மீட்டுவிட்டார் என்று வையுங்கள். அடுத்த அறிக்கையில் அவருடைய மாவட்டம் ஆயிரம் ஹெக்டேர் வனத்தை இழந்ததாகப் பதிவாகும். சரியானதைச் செய்தவருக்குத் தண்டனையும் கைகட்டி இருந்தவருக்குப் பாராட்டும் தரும் அளவுகோல் இது.

கள மாதிரித் திடல்களில் மர இனங்களைக் குறிக்கிறோமே என்று நிறுவனம் சொல்லலாம். குறிக்கிறார்கள், உண்மை. ஆனால் அந்தத் தகவல் பரப்புக் கணக்கைத் தொடுவதில்லை. அமைச்சர் மேடையில் வாசிக்கும் விழுக்காட்டிலிருந்து ஒரு சதுர மீட்டரையும் கழிப்பதில்லை.

நாடு தழுவிய அளவில் ஊடுருவும் தாவரங்களைப் பற்றி நமக்கிருக்கும் மிகப் பெரிய களத் தரவு, வேடிக்கையாக, புலியைத் தேடிப் போனபோது கிடைத்தது. 2018ஆம் ஆண்டு புலிக் கணக்கெடுப்பில் வனக் காவலர்கள் நடந்த பாதைகளில், சுமார் 1.58 இலட்சம் திடல்களில், எந்தெந்த ஊடுருவும் தாவரம் இருக்கிறது என்றும் குறித்து வைத்தார்கள். அந்தத் தரவை இந்திய வனவிலங்கு நிறுவனத்து அறிவியலாளர்கள் ஆராய்ந்து 2023இல் வெளியிட்டார்கள். அபாயம் மிகுந்த தாவரங்கள் நாட்டின் இயற்கை நிலப்பகுதிகளில் 22 விழுக்காட்டில் ஏற்கெனவே உள்ளன. 66 விழுக்காடு வரை பரவ வாய்ப்புண்டு என்பது அவர்களின் முடிவு. குறைந்த ஊதியத்தில், பலர் நிரந்தரப் பணி இல்லாமல், காட்டில் நடக்கும் அடிமட்ட ஊழியர்களின் உழைப்பு இது. ஓர் அரசுத்துறையின் வரைபடத்தில் காடு கூடுகிறது. அதே அமைச்சகத்தின் இன்னொரு நிறுவனத்தின் தரவில் காடு உள்ளிருந்து அரிக்கப்படுகிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க அமைச்சருக்கு மனமில்லை.

எண்ணுவதற்கு ஒரு வரையறை, காப்பதற்கு வேறொன்று

இது வெறும் சோம்பலா? இல்லை. இந்தக் கணக்கால் ஆதாயம் பெறுவோர் இருக்கிறார்கள்.

1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அகராதிப் பொருளில் காடு எதுவோ அதுவெல்லாம் வனப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் என்றது. 2023இல் மோடி அரசு கொண்டுவந்த திருத்தச் சட்டம் இந்தக் குடையைச் சுருக்கியது: அறிவிக்கை செய்யப்பட்ட அல்லது அரசுப் பதிவேட்டில் ஏறிய காடுகளுக்கே பாதுகாப்பு என்றது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவின் மூலம் பழைய பொருளையே பின்பற்றச் சொன்ன பின்னரே இந்த ஓட்டம் சற்றுத் தடைபட்டது. ஆக, பெருமை பேச எண்ணும்போது தென்னந்தோப்பும் முள்மரமும் காடு. சுரங்கத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் கொடுக்கும்போது பதிவேட்டில் இல்லாத உண்மையான காடும் காடல்ல. ஒரே அரசு, ஒரே அமைச்சகம், இரண்டு அகராதிகள்.

அடுத்தது பணம். காட்டை அழிக்கும் நிறுவனங்கள் செலுத்திய ஈடுசெய் காடுவளர்ப்பு நிதியிலிருந்து 2019 ஆகஸ்டில் மட்டும் 47,000 கோடி ரூபாய்க்கு மேல் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அந்தப் பணம் எங்கே மரமாக நிற்கும்? மரமில்லாத நிலத்தில். மரமில்லாத நிலம் எது? புல்வெளியும் மேய்ச்சல் நிலமும். 2023இல் வந்த பசுமைக் கடன் திட்டம் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. ‘சீரழிந்த’ நிலம் என்ற பெயரில் திறந்த காடு, புதர் நிலம், தரிசு ஆகியவற்றை நிறுவனங்கள் மரம் நட எடுக்கலாம். 2024 பிப்ரவரியில் வெளியான நெறிமுறைப்படி ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம். ஹெக்டேருக்கு 1,100 மரம் நட்ட பிறகு அங்கே புல் எப்படி முளைக்கும், எருமை எதை மேயும் என்ற கேள்வி நெறிமுறையில் இல்லை. 1961இல் வனத்துறை செய்ததை இனிக் கார்ப்பரேட்டுகள் செய்யும். அதற்குச் சான்றிதழும் உண்டு.

பன்னிக்கு வடக்கே காவ்டா பகுதியில் 72,600 ஹெக்டேரில் 30 ஜிகாவாட் திறனில் சூரிய, காற்றாலை மின்பூங்கா எழுகிறது. அதில் பெரும்பங்கு அதானி குழுமத்தினுடையது. புதுப்பிக்கத்தக்க மின்சாரம் தேவை என்பதில் நமக்கு மாறுபாடில்லை. அந்த நிலமும் ‘தரிசு’ என்ற முத்திரையோடுதான் கைமாறியது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு செய்தி: பன்னியில் சிவிங்கிப்புலி இனப்பெருக்க மையம் அமைக்க ஒன்றிய அரசு ஒப்புதல் தந்திருக்கிறது. சிவிங்கிப்புலிக்காக அது புல்வெளி என்று நினைவுக்கு வந்துவிடுகிறது. மால்தாரி கேட்டால் அது பாதுகாக்கப்பட்ட காடு.

‘அந்நிய மரம்’ என்னும் கூச்சல்

இந்தப் பொருள் குறித்த ஆவணங்களை மொழிபெயர்க்கும்போது ஒரு சொல் என்னை எப்போதும் நிறுத்தும். ‘அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரம்’ என்றே பலரும் எழுதுகிறார்கள். ஏரிப்புறம்போக்கில் குடிசை போட்ட கூலித் தொழிலாளியையும், காட்டில் உழுது உண்ணும் ஆதிவாசியையும் அரசு ‘ஆக்கிரமிப்பாளர்’ என்கிறது. மரத்துக்கும் அதே சொல். ‘அந்நியர்’, ‘ஊடுருவல்காரர்’ என்ற சொற்களைத் தேர்தல் மேடையில் யார் மீது வீசுகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். கச்சின் எல்லைப்புறத்தில், பெரும்பாலும் இசுலாமியர் வாழும் நிலத்தில், இந்தச் சொல்லாட்சி எங்கே போய் முடியும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அயல்நாட்டிலிருந்து வந்தது என்பது குற்றமே அல்ல. மிளகாயும் தக்காளியும் நிலக்கடலையும் முந்திரியும் அதே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவைதாம். சீமைக் கருவேலம் தானாகக் கடல் கடந்து வரவில்லை. 1877இல் அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பா மாவட்டம் கமலாபுரத்தில் வெள்ளை அரசின் வனத்துறை விறகுக்காக விதைத்தது. விடுதலைக்குப் பிறகு நம் அரசுகள் பொட்டல் நிலங்களிலெல்லாம் பரப்பின. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைப் புல்வெளிகளை விழுங்கிய வாட்டில் மரமும் தோல் பதனிடும் தொழிலுக்கும் ஆலைகளுக்கும் கச்சாப்பொருள் தருவதற்காக நடப்பட்டதே. ஒவ்வொரு மரத்தின் பின்னாலும் ஓர் உத்தரவு, ஒரு திட்டம், ஒரு தொழில் நலன் இருக்கிறது. மரத்தை அந்நியன் என்று தூற்றுவது அந்த உத்தரவைப் போட்டவர்களை மறைக்கிறது. நான் ‘ஊடுருவிப் பரவும் மரம்’ என்றே எழுதுகிறேன். அது பரவும் முறையைச் சொல்கிறது, பிறப்பைச் சொல்வதில்லை.

நம் இயக்கத்துக்குள்ளேயே எதிர்த்திசையில் ஒரு கருத்தும் உண்டு. “எந்த மரமானால் என்ன, கரியமிலவாயுவை உறிஞ்சுகிறதே, ஏழைக்கு விறகு தருகிறதே, இதை எதிர்ப்பது நடுத்தர வர்க்கச் சூழல் ஆர்வலர்களின் வேலை” என்று சில தோழர்கள் வாதிடுகிறார்கள். முதல் பாதி அரசின் வாதம். 2030க்குள் 250 முதல் 300 கோடி டன் கரியமிலவாயுவுக்கு நிகரான கூடுதல் கொள்திறனை மரங்கள் மூலம் உருவாக்குவதாக உலகுக்கு இந்தியா வாக்களித்திருக்கிறது. அந்த வாக்குக்காகத்தான் எந்த மரமானாலும் கணக்கில் வருகிறது. புல்வெளியின் கரிமம் பெரும்பாலும் மண்ணுக்குள் இருப்பது. வறட்சியோ தீயோ அதை எளிதில் தொடாது. அதை அளக்காமல் விட்டுவிட்டு, மேலே தெரியும் கட்டையை மட்டும் எடைபோடுவது சரியான ஒப்பீடாகாது.

இரண்டாம் பாதியோ உண்மையான கேள்வி, நழுவ முடியாது. பன்னியில் இன்று நிலமற்றோரும் மாடு குறைந்தோரும் இந்த மரத்தை வெட்டிக் கரி சுட்டுப் பிழைக்கிறார்கள். 2004இல் குஜராத் அரசு கரி சுடுவதற்கான தடையை நீக்கியது. கரி குவிந்தது, வேரோடு பெயர்த்த இடங்களில் புல் திரும்பியது என்று மால்தாரிகளே சொன்னார்கள். 2008இல் தடை மீண்டும் வந்தது. இந்த நான்கு ஆண்டு நாடு தழுவிய ஒரு பாடமாகியிருக்க வேண்டும். எந்த இடத்தில் வேரோடு எடுத்தார்கள், எந்த இடத்தில் அடியோடு நறுக்கிவிட்டுப் போனார்கள், எங்கே புல் வந்தது, எங்கே ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்த்தது என்று யாராவது ஊர்வாரியாக எழுதி வைத்திருந்தால்! வெட்டிய மரம் சாகாது. அடிக்கட்டையின் மொட்டுகள் மண்ணுக்குள் இருப்பதால் பல கிளையாகத் திரும்பி வரும். கரித் தொழிலாளிக்கு மூட்டைக்குத்தான் கூலி; வேரைத் தோண்டும் உழைப்புக்குக் கூலி தருவார் இல்லை. அவர் ஏன் தோண்ட வேண்டும்? வேர் பிடுங்கும் வேலையை ஊரக வேலைத் திட்டத்தில் சேர்த்துக் கூலி கொடுத்திருந்தால் அதே தொழிலாளியே புல்வெளியை மீட்டிருப்பார். வேலைத் திட்டத்துக்கு நிதியை வெட்டும் அரசிடம் இதை எதிர்பார்க்க முடியாது. போராடித்தான் பெற வேண்டும்.

கேரளத்திலும் நிலைமை கவலைக்குரியதே. இடதுசாரிகள் ஆண்ட மாநிலம் என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை. 1980களில் சமூகக் காடு வளர்ப்பின்போது அழகுக்காகவும் நிழலுக்காகவும் நட்ட மஞ்சள் கொன்றை, 344 சதுர கிலோமீட்டர் வயநாடு சரணாலயத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பரவிவிட்டது. ஆனால் அங்கே எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் களத்தில் இறங்கி, சில ஆண்டு இடைவெளியில் மீண்டும் மீண்டும் அளந்தார்கள்; எண் வளர்வதைப் பார்த்து மக்கள் கேள்வி கேட்டார்கள்; அரசும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அருகிலுள்ள முதுமலையில் அகற்றும் பணி தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்திடம் தரப்பட்டது. பொதுத்துறை ஆலைக்குக் கூழ்மரம் கிடைப்பது நல்லதே. எனினும் ஆலை எடைபோடுவது டன்னில். காட்டுக்குத் தேவைப்படும் கணக்கோ மூன்று ஆண்டு கழித்து அந்த இடத்தில் மீண்டும் என்ன முளைத்திருக்கிறது என்பது. வெட்டிய பரப்புக்குப் பணம் என்று எழுதப்படும் ஒப்பந்தம் எதுவும் இரண்டாம் கணக்கைக் கேட்காது.

எதைக் கேட்பது

2022 டிசம்பரில் குன்மிங்–மாண்ட்ரியல் பல்லுயிர் உடன்பாட்டில் இந்தியா இணைந்தது. அதன் ஆறாம் இலக்கு, ஊடுருவும் அயல் இனங்கள் புதிதாக நுழைந்து நிலைபெறும் வேகத்தை 2030க்குள் பாதியாகக் குறைப்பது. எதில் பாதி? தொடக்க அளவே இல்லாதபோது பாதியை யார், எதிலிருந்து கணக்கிடுவார்? நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்தக் கேள்வியை எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும். வனநிலை அறிக்கை வனப்பரப்பை இயற்கைக் காடு, தோட்டம், ஊடுருவிய மரம் என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஊடுருவிய மரம் அகற்றப்பட்ட பரப்பு இழப்பாக அல்லாமல் மீட்பாகப் பதிவாக வேண்டும். மக்கள் பணத்தில் உருவான அந்த வரைபடங்கள் எவரும் இறக்கிச் சரிபார்க்கும் வகையில் இலவசமாகப் பொதுவெளிக்கு வர வேண்டும். புல்வெளியைத் தரிசுப் பட்டியலிலிருந்து நீக்காதவரை பசுமைக் கடனின் கீழ் ஒரு ஹெக்டேரும் கொடுக்கக் கூடாது.

கண்காணிக்கும் அதிகாரம் எங்கே இருக்க வேண்டும் என்பதில் நமக்குத் தெளிவு உண்டு. இடதுசாரிகளின் அழுத்தத்தால் செழுமை பெற்று 2006இல் நிறைவேறிய வன உரிமைச் சட்டம், மேய்ச்சல் உரிமையையும், காட்டையும் பல்லுயிரையும் காக்கும் அதிகாரத்தையும் கிராம சபைக்கே தருகிறது. பன்னியின் ஊர்கள் இச்சட்டத்தின்கீழ் அளித்த சமூக உரிமைக் கோரிக்கைகள் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடப்பட்டன. 2009இல் வனத்துறை புல்வெளியைக் கட்டம் கட்டமாக வேலியிடத் திட்டம் போட்டபோது, பன்னி பன்னியாகவே இருக்கட்டும் என்று அவர்கள் முழங்கினார்கள். பயிர் செய்வதற்காகப் புல்வெளியை வளைத்தவர்களை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சென்றதும் அதே மால்தாரிகளின் அமைப்புதான். 2021இல் தீர்ப்பாயம் அவர்கள் பக்கம் நின்றது. வரைபடம் வரைய டேராடூனும், தரையில் சரிபார்க்க ஊதியத்தோடு கிராம சபையும் என்று அமைந்தால், முழங்கால் உயரக் கன்றும் கணக்குக்கு வரும்.

தமிழ்நாட்டுத் தோழர்கள் இதைத் தொலைவிலுள்ள செய்தியாகக் கொள்ள வேண்டாம். 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை அடுத்துத் தென்மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை வெட்டும் வேகம் எழுந்தது; அதே ஆண்டிலேயே இடைக்காலத் தடையும் வந்தது. 2022இல் மாநில அரசு ஊடுருவும் தாவரங்கள் குறித்துத் தனிக் கொள்கை அறிவித்தது. இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் விவசாயிகள் சங்கக் கிளைகள், தம் ஊர்க் கண்மாய் ஒன்றையேனும் எடுத்துக்கொண்டு இந்தக் கணக்கைத் தொடங்கலாம். உள்வாயிலும் கரையிலும் வரத்துக்காலிலும் தனித்தனியே எண்ண வேண்டும். கன்று, வளர்ந்த மரம், வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்தது என்று மூன்று பத்திகள் போதும். கோடையில் ஒருமுறை, மழை கழிந்து ஒருமுறை எண்ணி, கிராம சபைக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும்.